எடையிலிருந்து வரையப்பட்ட கார்: பி.எம்.டபிள்யூ ஐ3, ஒரு நிகழ்வு ஆய்வு

2012ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் ‘ஆக்டிவ்-இ’ என்ற சோதனை மின்காரைக் குத்தகை முறையில் வாடிக்கையாளர்களிடம் ஓடவிட்டது. அது புதிதாக வரையப்பட்ட கார் அன்று. 1 சீரிஸ் கூபே காரிலிருந்து பெட்ரோல் எஞ்சினையும் எரிபொருள் தொட்டியையும் அகற்றிவிட்டு, அவை விட்டுச்சென்ற இடங்களிலும், தரையின் நடுவே நீளவாக்கில் ஓடும் நடுச்சுரங்கத்திலும் 32 கிலோவாட் மணி பேட்டரியைத் துண்டுதுண்டாக அடைத்து உருவாக்கியது. அதன் எடை ஏறத்தாழ 1,800 கிலோ. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கில் அது ஒரு சார்ஜுக்கு 151 கி.மீ. ஓடியது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வெளியிட்ட ஐ3 காரின் பேட்டரி 22 கிலோவாட் மணிதான், எடை 1,195 கிலோதான்; அதே முகமையின் அளவீட்டில் அது 130 கி.மீ. ஓடியது. பேட்டரி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கியும், ஓடும் தூரம் ஏழில் ஒரு பங்குதான் குறைந்தது. இடையில் கழிந்த அந்த 600 கிலோ எங்கே போயிற்று, அதைக் கழிப்பதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அந்த விலை பிற்காலத்தில் ஏன் நியாயப்படுத்த முடியாததாயிற்று என்பவையே இவ்வாய்வின் பொருள்.

பின்னணி

2007, 2008ஆம் ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ தன் வழக்கமான மேம்பாட்டுப் பிரிவுகளுக்கு வெளியே ‘புராஜெக்ட் ஐ’ என்றொரு சிறு குழுவை அமைத்தது. உல்ரிச் கிரான்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். பெருநகரங்களில் வாழ்வோருக்கு எத்தகைய போக்குவரத்து தேவைப்படும் என்ற கேள்வியே அக்குழுவின் தொடக்கப்புள்ளி. 2009இல் ‘மினி-இ’ என்ற மாற்றுரு கார் சில நூறு எண்ணிக்கையில் பயனர்களிடம் சென்றது. அதில் 35 கிலோவாட் மணி பேட்டரியை வைக்க வேறு இடமில்லாததால் பின்னிருக்கைகள் முழுவதும் பறிபோயின; நால்வர் அமர வேண்டிய கார் இருவர் காராயிற்று.

மினி-இ, ஆக்டிவ்-இ ஆகிய இரண்டு சோதனைகளிலிருந்தும் குழுவினர் பெற்ற பாடங்கள் பல. அவற்றுள் இரண்டு ஐ3இன் உருவத்தையே தீர்மானித்தன என்பது என் கருத்து. முதலாவது, காலை முடுக்கு மிதியிலிருந்து எடுத்தவுடன் மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை வலுவாக மெதுப்படுத்தும் முறையை ஓட்டுநர்கள் சில நாள்களிலேயே பழகிக்கொண்டதோடு விரும்பவும் செய்தார்கள். இரண்டாவது, பெட்ரோலுக்கென வரையப்பட்ட கூட்டுக்குள் பேட்டரியைத் திணிப்பது எந்த வகையிலும் நல்ல காரைத் தராது. பெட்ரோல் காரின் கூடு முன்னால் எஞ்சினைத் தாங்கவும், நடுவில் புகைக்குழாயைக் கடத்தவும், பின்னால் தொட்டியைப் பாதுகாக்கவும் உருவானது. மின்காரில் இம்மூன்றும் இல்லாதபோதும் அவற்றுக்கான இரும்பை அது சுமந்துகொண்டே ஓடுகிறது.

எடைச் சுழல்

மயிலிறகே ஆனாலும் ஏற்ற ஏற்ற அச்சு முறியும் என்பது மாட்டுவண்டிக்குப் பொருந்தியதைப் போலவே மின்காருக்கும் பொருந்தும். மின்காரில் அது ஒரு சுழலாகவே மாறுகிறது. அதிகத் தூரம் ஓட வேண்டுமென்றால் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரியைத் தாங்க உறுதியான கூடும், தடித்த சஸ்பென்ஷனும், பெரிய பிரேக்கும் வேண்டும். அவற்றை இழுக்க வலுவான மோட்டார் வேண்டும். இவையெல்லாம் சேர்ந்து கூட்டிய எடையை நகர்த்துவதற்கு மறுபடியும் பேட்டரியைப் பெருக்க வேண்டும். நகரத்தில் நின்று நின்று புறப்படும் ஓட்டத்தில் இதன் தாக்கம் கூடுதல். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஓரளவு ஆற்றலை மீட்டுத் தருகிறது என்றாலும், போகும்போதும் வரும்போதும் இழப்புகள் இருப்பதால் செலவழித்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

இச்சுழலை எதிர்த்திசையிலும் சுழற்றலாம். கூட்டின் எடை குறைந்தால் சிறிய பேட்டரி போதும். சிறிய பேட்டரிக்கு மெல்லிய சட்டகம் போதும். 2010ஆம் ஆண்டையொட்டி லித்தியம் அயான் பேட்டரியின் விலை இன்றைய விலையைப்போல் பல மடங்கு இருந்தது. அந்நிலையில், பேட்டரியில் ஒவ்வொரு கிலோவாட் மணியைக் குறைப்பதும் கணிசமான பணத்தை மிச்சப்படுத்தியது. ஆகவே, கூட்டுக்கு விலையுயர்ந்த பொருளைப் பயன்படுத்தினாலும், அந்தச் செலவின் ஒரு பகுதியைப் பேட்டரியில் மீட்டுக்கொள்ளலாம் என்ற வாதம் பொருளாதார ரீதியில் அறிவுடையதாகவே தோன்றியது. ஐ3இன் எல்லா முடிவுகளுக்கும் அச்சாணியாக இருந்தது இந்த ஒரு வாதம்தான். அதை மறந்துவிட்டுப் பார்த்தால் இக்காரின் பல கூறுகள் வெறும் ஆடம்பரமாகத் தெரியும்.

இரண்டாகப் பிரிந்த கூடு

வழக்கமான காரில் அடித்தளமும் கூடும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே இரும்புப் பெட்டி. ஐ3இல் அது கிடைமட்டமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கீழ்ப்பகுதியான ‘டிரைவ் மாட்யூல்’ அலுமினியச் சட்டகம். பேட்டரி, மோட்டார், சஸ்பென்ஷன் ஆகியவை அதில் அமர்ந்தன. மோதல் விசையை உள்வாங்கும் பகுதிகளும் அச்சட்டகத்தின் முன்னும் பின்னும் அமைந்தன. மேற்பகுதியான ‘லைஃப் மாட்யூல்’ கார்பன் இழை வலுவூட்டிய பிசினால் ஆன பயணியர் கூண்டு. இரண்டும் தனித்தனியே தயாராகி, ஜெர்மனியிலுள்ள லைப்சிக் ஆலையின் தொகுப்பு வரிசையில் போல்ட்டாலும் பசையாலும் ஒன்றாகின. வெளித்தோல் முழுக்கத் தெர்மோபிளாஸ்டிக் பலகைகள். அவை விசை எதையும் தாங்குவதில்லை, கழற்றி மாற்றக்கூடியவை.

இப்பிரிவினையின் அழகு, ஒவ்வொரு பொருளும் தனக்கு இயல்பான வேலையைச் செய்வதில் இருக்கிறது. அலுமினியம் நசுங்கி ஆற்றலை விழுங்கும்; கார்பன் இழைக் கூண்டு நசுங்காமல் தன் உருவத்தைக் காக்கும். கார்பன் கூண்டு அதே வலிமையுள்ள இரும்புக் கூண்டைவிட ஏறத்தாழ 50 விழுக்காடும், அலுமினியக் கூண்டைவிட 30 விழுக்காடும் இலேசானது. அது துருப்பிடிக்காது என்பதால் துருத்தடுப்புத் தொட்டியில் முக்கியெடுக்கும் மாபெரும் பிரிவே ஆலையில் தேவைப்படவில்லை. வெளிப்பலகைகளுக்குத் தனியே வண்ணம் தீட்டினால் போதுமானதாயிற்று.

கார்பன் இழை கடந்த தொலைவு

அதுவரை கார்பன் இழைக் கூண்டு என்பது பந்தயக் கார்களுக்கும், ஆண்டுக்குச் சில நூறு மட்டும் கட்டப்படும் அதிவிலைக் கார்களுக்கும் உரியதாக இருந்தது. அங்கெல்லாம் பிசின் ஊறிய துணியைக் கையால் அடுக்கி, அழுத்த உலையில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். நாளொன்றுக்கு நூறு கார்கள் வெளிவர வேண்டிய ஆலையில் இம்முறை நடவாது. ஐ3 குழுவினரின் உண்மையான பொறியியல் சாதனை காரில் இருப்பதைவிட, இந்த வேகத் தடையை உடைத்த உற்பத்தி முறையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

2009இல் பி.எம்.டபிள்யூவும், கார்பன் பொருள்களைத் தயாரிக்கும் எஸ்.ஜி.எல். குழுமமும் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஜப்பானின் ஒட்டாகேயில் தயாரான, கார்பன் இழைக்கு மூலப்பொருளான பாலியக்ரைலோநைட்ரைல் இழை கப்பலேறி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள மோசஸ் லேக் நகருக்குச் சென்றது. அங்கே அது பல கட்டங்களாகச் சூடேற்றப்பட்டு, கார்பன் தவிர மற்றவை நீங்கி, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியதான, ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழையாயிற்று. அத்தகைய இழைகள் 50,000 சேர்ந்து ஒரு கற்றை. இழையைக் கரியாக்குவதற்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாகும் என்பதால்தான் மோசஸ் லேக் தேர்ந்தெடுக்கப்பட்டது. கொலம்பியா ஆற்றின் நீர்மின்சாரம் அங்கே மலிவாகக் கிடைத்தது, கரியுமிழ்வும் அதில் குறைவு. பிறகு கற்றைகள் அட்லாண்டிக்கைத் தாண்டி பவேரியாவின் வாக்கர்ஸ்டோர்ஃபுக்கு வந்தன. அங்கே அவை நெய்யப்படாமல் ஒரே திசையில் படுக்கவைக்கப்பட்டுப் பல கோணங்களில் அடுக்கப்பட்டன. நெசவில் இழை மேலும் கீழும் வளைவதால் அதன் வலிமையில் ஒரு பங்கு வீணாகும். படுக்கவைத்த இழை நேராக இருப்பதால் விசையின் போக்கிலேயே அதை அமைக்க முடியும்.

லேண்ட்ஸ்ஹூட்டிலும் லைப்சிக்கிலும் இந்த அடுக்குகள் சூட்டில் வடிவம் பெற்று, அச்சுக்குள் வைக்கப்பட்டு, உயரழுத்தத்தில் பிசின் பாய்ச்சப்பட்டன. பிசின் இறுகுவதற்குச் சில நிமிடங்களே பிடித்தன. மணிக்கணக்கு நிமிடக்கணக்காக மாறிய இந்த இடத்தில்தான் ஒரு பந்தயத் தொழில்நுட்பம் ஆலைத் தொழில்நுட்பமாயிற்று. கூண்டின் பாகங்கள் ஏறத்தாழ 150. இரும்புக் கூட்டோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஏனெனில், இரும்புத் தகட்டால் எட்டோ பத்தோ துண்டுகளாகச் செய்ய வேண்டியதைக் கார்பனில் ஒரே வார்ப்பாகச் செய்ய முடிகிறது. பாகங்களை இணைக்கும் பசைக்கு எல்லா இடங்களிலும் 1.5 மி.மீ. இடைவெளி விடப்பட்டது, இது பிறழ்ந்தால் இணைப்பின் வலிமை இடத்துக்கு இடம் மாறிவிடும். பற்றவைக்கும் தீப்பொறி இல்லாத, ஏறக்குறைய ஓசையில்லாத கூடு கட்டும் பிரிவு இதனால் உருவானது. லைப்சிக் ஆலையின் வளாகத்திலேயே நிறுவப்பட்ட 4 காற்றாலைகள் அதற்கான மின்சாரத்தை அளித்தன.

ஒரு நகரக் காரின் கூண்டுக்கு மூலப்பொருள் இரு பெருங்கடல்களைக் கடக்க வேண்டியிருந்தது என்பது முரணாகப் படலாம். ஆனால் மெல்லிய இழையைக் கப்பலில் கொண்டுவருவதற்கான ஆற்றலைவிட அதைக் கரியாக்கும் உலைக்கான ஆற்றல் மிகப் பெரிது. உலையை நீர்மின்சாரத்துக்கு அருகில் கொண்டுபோய் வைத்தது சரியான முடிவே.

பேட்டரி: மாறாத பெட்டி, மாறிய செல்

தரைக்கடியில் தட்டையாகக் கிடந்த பேட்டரியில் 8 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 12 செல்கள், ஆக 96 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. செல்களைச் சாம்சங் எஸ்.டி.ஐ. வழங்கியது. முதல் தலைமுறைச் செல்லின் கொள்திறன் 60 ஆம்பியர் மணி. ஒரு செல்லின் அழுத்தம் ஏறத்தாழ 3.75 வோல்ட் என்பதால், 96 செல்களும் சேர்ந்து 22 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவாகத் தரும். இதில் 18.8 கிலோவாட் மணி மட்டுமே பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. எஞ்சியது செல்களின் ஆயுளைக் காக்கும் ஒதுக்கீடு.

குளிர்விப்பு முறை பாராட்டுக்குரியது. பல மின்கார்களில் நீரும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் கலந்த திரவம் பேட்டரியைச் சுற்றி ஓடும். அந்தத் திரவத்தை ஏர்கண்டிஷனரின் குளிர்பொருள் குளிர்விக்கும். ஐ3இல் இடைத்தரகர் கிடையாது: குளிர்பொருளே செல்களுக்கு அடியிலுள்ள குழாய்களில் நேரடியாக ஓடியது. ஒரு பம்பும், ஒரு வெப்பமாற்றியும், பல லிட்டர் திரவமும் மிச்சமாயின. எடைச் சுழலை எதிர்த்திசையில் சுழற்றுவது என்பது இத்தகைய சிறு கழித்தல்களின் கூட்டுத்தொகைதான். குளிர்காலத்துக்கு, முழு மின்வகைக் காரில் வெப்ப பம்ப் ஒன்றும் தரப்பட்டது. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுப்பதால், வெறும் மின்சூடேற்றியைவிட அது குறைந்த மின்சாரத்தில் அறையைச் சூடாக்கியது.

2016இல் அதே வெளியளவுள்ள செல்களில் 94 ஆம்பியர் மணி கொள்திறன் வந்தது. பேட்டரி 33 கிலோவாட் மணியாயிற்று. 2018இல் 120 ஆம்பியர் மணிச் செல் வந்து அதை 42 கிலோவாட் மணிக்கு உயர்த்தியது. அமெரிக்க அளவீட்டில் ஓடும் தூரம் 130இலிருந்து 183 ஆகி, பிறகு 246 கி.மீ. ஆயிற்று. ஐந்தே ஆண்டுகளில் கொள்ளளவு ஏறத்தாழ இருமடங்கானது. ஆயினும் செல்களின் எண்ணிக்கையோ, பெட்டியின் அளவோ, அதைத் தாங்கும் அலுமினியச் சட்டகமோ மாறவில்லை. 94 ஆம்பியர் மணிக் காரின் எடை 1,245 கிலோவுக்குத்தான் ஏறியது. சில நாடுகளில் பழைய காருக்குப் புதிய பேட்டரியை மாற்றிப் பொருத்தும் வாய்ப்பையும் நிறுவனம் அளித்தது. வேதியியல் முன்னேறும் என்று எதிர்பார்த்து, அதற்கு இடம் தரும் வகையில் பெட்டியை நிலையாக வைத்த இந்த முன்யோசனையை இன்றைய வடிவமைப்பாளர்களும் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மோட்டார், சக்கரம், மிதி

பின்னச்சின் மேல் அமர்ந்த மோட்டாரின் எடை சுமார் 50 கிலோ. திறன் 125 கிலோவாட், முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 11,400. நிலைக்காந்தங்களோடு, சுழலியின் இரும்பு காந்தப்பாதையை நாடித் திரும்பும் விசையையும் சேர்த்துப் பயன்படுத்தும் கலப்பு ஒத்தியங்கு மோட்டார் அது. இதனால் அருமண் காந்தத்தின் தேவை குறைந்ததோடு உயர்சுழற்சியிலும் திறன் தளராமல் நின்றது. காரை நிறுத்தத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 7.2 வினாடிகளில் கொண்டுசென்றது. நகரத்தில் இந்த எண் அவ்வளவு பொருட்டல்ல என்றாலும், எடையைக் குறைத்தால் சிறிய மோட்டாரிலேயே துடிப்பு கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

பார்த்தவுடன் வியப்பைத் தருபவை சக்கரங்கள். 155/70 அளவில், 19 அங்குல விளிம்பில், உயரமும் ஒடுக்கமுமான டயர்கள். இவ்வளவு ஒடுங்கிய டயர் எவ்வாறு பிடிப்பைத் தரும் என்ற ஐயம் இயல்பானது. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதன் மேலுள்ள சுமையும் காற்றழுத்தமும்தான். சுமையை அழுத்தத்தால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். அகலத்தைக் குறைத்தால் பரப்பு அவ்வளவாகச் சுருங்குவதில்லை, மாறாக நீள்கிறது. விட்டம் பெரிதாக இருந்தால் டயர் தரையில் படியும்போது குறைவாக வளைகிறது, ஆகவே உருளுதடை குறைகிறது. ஒடுங்கிய முகப்பு காற்றைக் குறைவாகத் தள்ளுகிறது. முன்சக்கரங்கள் ஒடுக்கமாக இருப்பதாலும், மோட்டாரும் இயக்க அச்சும் பின்னால் இருப்பதாலும் முன்சக்கரங்கள் நன்கு திரும்ப இடம் கிடைக்கிறது, 9.86 மீட்டர் வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். தன் பெயருக்கு முன்னால் ‘நகர’ என்ற அடைமொழியைச் சுமக்கும் எந்தக் காரையும் நான் முதலில் இந்த எண்ணைக் கொண்டுதான் அளப்பேன். 3,999 மி.மீ. நீளமுள்ள ஐ3 அந்தத் தேர்வில் உயர்ந்து நிற்கிறது.

மிதியைப் பொறுத்தவரை மினி-இ தந்த பாடம் முழுமையாகப் பயன்பட்டது. காலைத் தளர்த்தினால் கார் மெதுவாகி, கடைசியில் மோட்டாரின் பிடியிலேயே நின்றுவிடும். தேவையான அளவு மெதுப்பாடு ஏற்பட்டவுடன் பிரேக் விளக்குகளும் எரியும். ஆனால் ஆற்றல் மீட்பு பின்சக்கரங்களில் மட்டும் நிகழ்வதால் வழுக்கும் சாலையில் வால்பகுதி விலகக்கூடிய அபாயம் உண்டு. மோட்டாரின் முறுக்கத்தை மிக வேகமாகக் கட்டுப்படுத்தியாக வேண்டும். வழக்கமான முறையில் சக்கர வழுக்கலைத் தனியொரு கட்டுப்பாட்டுக் கணினி கண்டறிந்து, மோட்டாரின் கணினிக்குச் செய்தி அனுப்பும். செய்தி போய்ச் சேரும் நேரம் வீண். 2017இல் அறிமுகமான ஐ3எஸ் வகையில் அக்கட்டுப்பாடு மோட்டாரின் கணினிக்குள்ளேயே குடியேறியது; பல படிகள் நீங்கியதால் அது 50 மடங்கு வரை விரைவாயிற்று என்று நிறுவனம் அறிவித்தது. 2019இல் இதே முறை பெட்ரோல், டீசல் எஞ்சின் கொண்ட 1 சீரிஸ் காருக்கும் சென்றது.

அச்சத்துக்கென ஓர் எஞ்சின்

ஐ3இல் எனக்கு உடன்பாடில்லாத முடிவு ஒன்று உண்டு. அது தூரநீட்டிப்பு எஞ்சின். பி.எம்.டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டருக்கென உருவாகி, தைவானின் கிம்கோ நிறுவனம் தயாரித்த 647 சி.சி. இரட்டைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை மோட்டாருக்கு அருகில் பொருத்தி, 9 லிட்டர் தொட்டியை முன்னால் வைத்தார்கள். இந்த எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இயந்திரத் தொடர்பு கிடையாது. மின்னாக்கியைச் சுழற்றிப் பேட்டரியின் இருப்பைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. இதற்கான கூடுதல் எடை 120 கிலோ.

எடையைக் கழிப்பதற்காகக் கடல் கடந்து இழை கொண்டுவந்த குழு, 120 கிலோவை எஞ்சின் வடிவில் மறுபடியும் ஏற்றியது. வாங்குவோர் வழியில் நின்றுவிடுவோமோ என்று அஞ்சினார்கள். விற்பனைப் பிரிவுக்கு அந்த அச்சத்தைத் தீர்க்கும் வழி தேவைப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பொறியியல் கணக்கில் அது இடறியது. எஞ்சின் தரக்கூடிய உச்சத் திறன் 28 கிலோவாட். பயணிகளோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 6 விழுக்காட்டு ஏற்றத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்வதாகக் கொண்டால், ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ 24 கிலோவாட் வேண்டும். காற்றுத்தடைக்கும் உருளுதடைக்கும் மேலும் பத்துப் பதினைந்து. எஞ்சினால் ஈடுகட்ட முடியாத இந்த இடைவெளியைப் பேட்டரியில் மீதமுள்ள இருப்புதான் நிரப்ப வேண்டும். ஐரோப்பாவில் பேட்டரி 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் ஓட்டுநரே எஞ்சினை இயக்கி இருப்பைச் சேமித்து வைக்கலாம் என்பதால் சிக்கல் பெரிதாகவில்லை. கலிபோர்னியாவின் விதியோ, பேட்டரி ஏறக்குறைய தீரும் வரை எஞ்சின் இயங்கக் கூடாது என்றும், பெட்ரோலில் ஓடும் தூரம் மின்சாரத்தில் ஓடும் தூரத்தை விஞ்சக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. அதற்கிணங்க அமெரிக்கக் காரில் தொட்டியின் பயன்பாட்டளவு மென்பொருளால் 7.2 லிட்டராகக் குறைக்கப்பட்டது. இருப்புச் சேமிப்பு வசதியும் நீக்கப்பட்டது. நீண்ட மலையேற்றத்தில் அத்தகைய கார்கள் வேகம் தளர்ந்தன. ஒரே வன்பொருள், இரண்டு விதிமுறைகளின் கீழ் இரண்டு வெவ்வேறு கார்களாக நடந்துகொண்டது.

பேட்டரி பெரிதானபோது இந்த எஞ்சினின் தேவையும் கரைந்தது. 120 ஆம்பியர் மணி வகை வந்தபோது ஐரோப்பாவில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

உள்ளறையும் கதவுகளும்

நடுச்சுரங்கம் இல்லாததால் தரை முழுதும் தட்டை. கியர் தேர்வி ஸ்டியரிங் தண்டுக்கு ஏறியது. நெருக்கடியான இடத்தில் நிறுத்தினால் ஓட்டுநர் மறுபக்கக் கதவு வழியாக இறங்கிவிடலாம். உள்பலகைகளில் கெனாஃப் என்னும் புளிச்சை இனச் செடியின் நார் மறைக்கப்படாமல் வெளியே தெரிந்தது. யூகலிப்டஸ் மரப்பலகையும், ஒலிவ இலைச்சாற்றில் பதனிட்ட தோலும் அதனோடு சேர்ந்தன. உயர்தரம் என்றால் பளபளப்பான குரோமியமும் தடித்த தோலும் என்றிருந்த காலத்தில், பொருளின் இயல்பை மறைக்காமல் காட்டுவதே உயர்தரம் என்று பெனுவா ஜாக்கோப் தலைமையிலான வடிவமைப்புக் குழு வாதிட்டது. நார் இலேசானது என்பதால் எடைக்கணக்கும் அதற்குத் துணை நின்றது. 2014இல் உலகக் கார் விருதுகளில் ‘ஆண்டின் வடிவமைப்பு’, ‘பசுமைக் கார்’ ஆகிய இரண்டும் ஐ3க்குக் கிடைத்தன.

கதவுகளைப் பற்றி அத்தனை உறுதியாகப் புகழ இயலவில்லை. கார்பன் கூண்டின் விறைப்பினால் நடுத்தூணை நீக்க முடிந்தது. முன்கதவும் பின்கதவும் எதிரெதிராகத் திறந்து அகன்ற வாயிலைத் தந்தன. ஆனால் முன்கதவைத் திறக்காமல் பின்கதவைத் திறக்க முடியாது. முன்னிருக்கையின் சீட்பெல்ட்டும் பின்கதவில் பிணைக்கப்பட்டிருந்ததால், பின்னால் அமர்ந்தவர் இறங்குவதற்கு முன்னால் இருப்பவர் பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. நாள்தோறும் குழந்தைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் ஒருவருக்கு இது சிறு குறையன்று. கண்ணுக்கு விருந்தான ஒரு தீர்வு கைக்கு இடைஞ்சலாக அமைந்த இடம் இது. பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு மட்டும் தாழ்ந்து இறங்கி, சிறுவர்கள் வெளியே பார்க்க வழிசெய்தது நல்ல கவனிப்பு.

கார்களின் மோதல் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2013இல் இக்காருக்கு ஐந்துக்கு 4 நட்சத்திரம் அளித்தது. கூண்டின் வலிமை குறித்த குறையால் ஐந்தாவது தவறவில்லை. பாதசாரிப் பாதுகாப்பிலும் பாதுகாப்புத் துணைக்கருவிகளிலும் மதிப்பெண் குறைந்ததே காரணம்.

கணக்கு தலைகீழானது

ஜெர்மனியில் 34,950 யூரோவில் விற்பனைக்கு வந்த ஐ3, 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உற்பத்தி நிற்கும் வரை ஏறத்தாழ 2,50,000 எண்ணிக்கையில் வெளிவந்தது. 2014 முதல் 2016 வரை அமெரிக்க முகமையின் பட்டியலில் மிகக் குறைந்த ஆற்றலில் ஓடும் கார் என்ற இடத்தையும் அது வகித்தது. ஆனால் அதன் கட்டமைப்பில் இன்னொரு மின்கார் பிறக்கவில்லை. 2020இல் வந்த ஐஎக்ஸ்3, 2021இல் வந்த ஐ4 ஆகியவை பெட்ரோல் கார்களோடு அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டன.

காரணம் இவ்வாய்வின் தொடக்கத்தில் சொன்ன வாதத்திலேயே அடங்கியிருக்கிறது. பேட்டரி விலை உயர்ந்திருக்கும் வரை கார்பன் இழை தன் செலவை மீட்டுக் கொடுத்தது. செல்களின் விலை ஆண்டுதோறும் சரிந்தபோது கார்பனின் விலை அதே வேகத்தில் சரியவில்லை. 100 கிலோவைக் கழிப்பதற்கு ஆகும் பணத்தைவிட, அந்த 100 கிலோவைச் சுமப்பதற்கு வேண்டிய கூடுதல் செல்களுக்கு ஆகும் பணம் குறைந்துபோன நாளில், எடைச் சுழலின் பொருளாதாரம் திசைமாறியது. இயற்பியல் மாறவில்லை என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். 2 டன்னைத் தாண்டும் மின்கார்கள் இன்று நகரத் தெருக்களில் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகின்றன. அவற்றின் டயர் தேய்மானத்தையும், மோதலில் எதிரே இருப்பவர் வாங்கும் அடியையும் மலிவான செல் குறைத்துவிடவில்லை. அந்தச் செலவு காரின் விலைச்சீட்டில் எழுதப்படாததால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கார்பன் அறிவு முற்றிலும் வீணாகவும் இல்லை. 2015இன் 7 சீரிஸ் காரில் இரும்போடும் அலுமினியத்தோடும் தேவையான இடங்களில் மட்டும் கார்பன் இழை கலந்தது. 2021இன் ஐஎக்ஸ் காரிலும் கதவுச் சட்டம், கூரை முதலிய பகுதிகளில் அது இடம்பெற்றது. முழுக் கூண்டாக இல்லாமல், விசை மிகும் இடத்துக்கு மட்டும் விலையுயர்ந்த பொருள் என்ற நடுவழியில் தொழில்துறை இப்போது நிற்கிறது. விபத்தில் சேதமுற்ற கூண்டின் பகுதியை வரையறுத்த கோடுகளில் அறுத்தெடுத்துப் புதிய துண்டை ஒட்டும் பழுதுபார்ப்பு முறையும் ஐ3க்காகவே வகுக்கப்பட்டது.

2017இல் லைப்சிக் ஆலை வளாகத்தில், அதே 4 காற்றாலைகளுக்கு அருகில், 700 வரையிலான ஐ3 பேட்டரிகளை அடுக்கக்கூடிய மின்சேமிப்புக் கூடம் திறக்கப்பட்டது. சாலையில் ஓடி முடித்த பேட்டரிகள் அங்கே பிரிக்கப்படாமல், தங்கள் குளிர்விப்பு அமைப்போடும் கட்டுப்பாட்டுக் கணினியோடும் அப்படியே செருகப்படுகின்றன. காற்று வீசும்போது அவை சார்ஜ் ஆகின்றன, தேவை எழும்போது ஆலைக்கும் மின்கட்டமைப்புக்கும் திருப்பித் தருகின்றன. அந்த அடுக்குகளில் இருப்பவை எடையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத இடத்துக்கு வந்து சேர்ந்த பேட்டரிகள்.